கணினியின் ஏட்டறையும் அதன் திறவுகோலும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தொலைவில், பெரும்பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து நிற்கும் இடத்தில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னனது காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்று தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றன. அது நிகழ்ந்த இடம் அலுவிகாரையே என்பது இலங்கையின் நெடுங்கால மரபு. கணினியின் சேமிப்புக் கருவிகளைப் பற்றிய பேச்சொன்று இப்பாறைகளிடையே தொடங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், அறிவை எங்கே வைப்பது, வைத்ததை எவ்வாறு எடுப்பது, எடுக்கும் உரிமையை யாரிடம் கொடுப்பது என்னும் மூன்று வினாக்களும் அன்று பனையோலைக்கு எழுந்தவாறே இன்று வன்தட்டுக்கும் எழுகின்றன.

எழுத்தில் ஏறுமுன்னர் அந்நூல்கள் பாணகர் எனப்பட்ட ஓதுவோரின் நினைவில் வாழ்ந்தன. நெடும் பேருரைகளின் தொகுதியை ஓதுவோர் ஒரு சாரார். இடைத்தர உரைகளின் தொகுதியை ஓதுவோர் மற்றொரு சாரார். இவ்வாறு பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. நினைவிலிருந்து ஓதுவதற்கு ஓர் இயல்பு உண்டு. நடுவிலுள்ள ஒரு வாக்கியம் வேண்டுமாயின், பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள பகுதியைத் தொடங்கிச் சொல்லிக்கொண்டே அவ்விடத்தை அடைதல் வேண்டும். மனனம் செய்த பாடலின் ஏழாம் அடியை மட்டும் சொல்லுமாறு ஒரு மாணவனைக் கேட்டால், அவன் முதலடியிலிருந்து முணுமுணுத்து வருவதை யாரும் காணலாம். கணினி அறிஞர் இதனை வரிசைமுறை அணுகல் என்பர்.

வாய்மொழிச் சேமிப்பின் பலவீனத்தைப் பஞ்சமும் போரும் வெளிப்படுத்தின. வட்டகாமணியின் காலத்தில் தென்னிந்தியப் படையெடுப்பும் உள்நாட்டுக் கலகமும் கொடும் பஞ்சமும் ஒருங்கே நேர்ந்தன. ஓதுவோர் இறந்தால் ஓதப்படுவதும் அவரோடு மறையும். அக்காலத்தில் மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு மட்டுமே எஞ்சியிருந்தார் என்றும், அவர் ஒழுக்கத்தில் குறையுடையவராயினும், நூல் அழிந்துவிடலாகாதே என்னும் கவலையால் ஏனையோர் அவரிடம் சென்று அதனைக் கற்றுக்கொண்டனர் என்றும் பாளி உரைநூல் கூறுகிறது. ஒரே பிரதி எஞ்சியிருக்கும்போது, அது எத்தகைய கலத்தில் இருக்கிறதென்று பார்ப்பதற்கு இடமில்லை; முதலில் அதனைப் பிரதி செய்துகொள்ளல் வேண்டும். பழுதுற்ற தட்டுகளிலிருந்து செய்திகளை மீட்கும் இன்றைய வல்லுநரும் இவ்விதியையே முதல் விதியாகக் கொள்கின்றனர்.

ஏடு வந்தபின் நிலைமை மாறியது. ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறிய இடத்தில் மைபூசித் துடைத்து, துளையிட்டுக் கயிற்றில் கோத்து, இருபுறமும் பலகை வைத்துக் கட்டினர். ஒவ்வோர் ஏட்டின் ஓரத்திலும் வரிசைக்குறி இடப்பட்டது. அக்குறியைக் கொண்டு வேண்டிய ஏட்டை நேரே புரட்டி எடுக்கலாம். முன்னுள்ள நூறு ஏடுகளையும் படித்துவர வேண்டியதில்லை. நேரடி அணுகல் என இன்று வழங்கும் கருத்தின் வித்து இதுவே. சேமித்த பொருளுக்கு ஓர் எண் இருத்தல், அந்த எண்ணைச் சொன்னவுடன் அப்பொருள் கைக்கு வருதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அது.

கணினியும் இதே வழியில் நடந்து வந்தது. தொடக்ககாலக் கணினிகள் செய்திகளைத் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைத்தன. நாடாவின் இறுதியில் உள்ள ஒரு கணக்கைப் படிக்க அதனை இறுதிவரை ஓடவிடுதல் வேண்டும். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணினியுடன் முதலாவது காந்த வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் ஒரே அச்சில் சுழன்றன. அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. ஆயினும் அவற்றுள் எந்த எழுத்தையும் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் அதன் இடத்துக்கே சென்று எடுக்க முடிந்தது. ஓதுவதிலிருந்து ஏட்டைப் புரட்டுவதற்கு மனிதர் வந்த மாற்றம் எத்தகையதோ, நாடாவிலிருந்து தட்டுக்குக் கணினி வந்த மாற்றமும் அத்தகையது.

இன்றைய தட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் ஒரு கட்டம் 512 பைட் அளவினதாக இருந்தது. பின்னர் 4096 பைட் அளவுள்ள கட்டங்களும் வழக்கில் வந்தன. பழைய தட்டுகளில் ஒரு கட்டத்தைக் குறிக்க, எந்த வளையம், எந்த முகம், அவ்வளையத்தில் எத்தனையாவது துண்டு என மூன்று எண்களைச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பூச்சியம் தொடங்கி இறுதிவரை ஒரே தொடரான எண்கள் வழங்கப்படுகின்றன. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள தட்டில் 512 பைட் கட்டங்கள் ஏறக்குறைய 195 கோடி உண்டு. இத்தனை கோடிக் கட்டங்களுள் ஒன்றுக்கேனும் பெயர் கிடையாது. எண் மட்டுமே உண்டு. மனிதனோ எண்ணை நினைவில் வைப்பதில்லை. “தங்கையின் திருமணப் படங்கள்”, “வயற்கணக்கு” என்றவாறு பெயர்களையே நினைவில் வைக்கிறான். பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாடொன்று ஆகவே தேவையாயிற்று.

அவ்வேற்பாட்டை விளக்க ஓர் உவமை உதவும். மாத்தளையில் ஒருவர் தமது காணி உறுதியின் பிரதியொன்றைப் பெறக் காணிப் பதிவகத்துக்குச் செல்கிறார் எனக் கொள்க. அவர் தாமே பதிவறைக்குள் நுழைந்து இறாக்கைகளைத் துழாவுவதில்லை. முன்மேசையில் இருக்கும் இலிகிதரிடம் விண்ணப்பத்தைக் கொடுக்கிறார். இலிகிதர் சுட்டிப் புத்தகத்தைப் புரட்டி, அவ்வுறுதி இன்ன தொகுதியில் இன்ன பக்கத்தில் உள்ளது எனக் கண்டு, ஒரு துண்டில் எழுதி உள்ளே அனுப்புகிறார். பதிவறைச் சிற்றூழியர் அத்துண்டிலுள்ள எண்ணைப் பார்த்து, எந்த இறாக்கையில் எந்தப் படி ஏறவேண்டும் என்பதை அறிந்து, தொகுதியை எடுத்து வருகிறார். விண்ணப்பித்தவருக்கு இறாக்கை மரத்தாலானதா இரும்பாலானதா என்று தெரியவேண்டியதில்லை. சிற்றூழியருக்கோ அக்காணி யாருடையது என்று தெரியவேண்டியதில்லை.

கணினியில் விண்ணப்பதாரராக இருப்பது செயலி. படம் காட்டுவதும் கடிதம் எழுதுவதும் போன்ற வேலைகளுக்குரிய மென்பொருள் அது. சுட்டிப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் இலிகிதர் கோப்பு முறைமை எனப்படும். பதிவறைக்குள் சென்று எடுத்துவரும் ஊழியரே இயக்கி. டிரைவர் என்று ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவாரும் உளர். இவ்வனைவரையும் மேற்பார்வை செய்யும் காரியாலயத் தலைமையே இயக்குதளம்.

இயக்கியின் வேலை பார்வைக்கு எளிது, நடைமுறையில் நுட்பமானது. “2,000 ஆவது கட்டத்திலிருந்து எட்டுக் கட்டங்கள் வேண்டும்” என்று மேலிருந்து ஆணை வருகிறது. அதனை அந்தத் தட்டுக்கு விளங்கும் மொழியில் இயக்கி மாற்றிச் சொல்லுதல் வேண்டும். ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஆணைமொழி வேறு. சுழலும் வன்தட்டு ஒரு மொழி பேசும், கையடக்கமான யூ.எஸ்.பி. குச்சி வேறொரு மொழி பேசும். ஆணையைக் கொடுத்தபின் இயக்கி காத்துக்கொண்டு நிற்பதில்லை. எடுத்த செய்தியை நினைவகத்தின் இன்ன இடத்தில் நீயே நேரே வைத்துவிடு, வைத்தவுடன் மணி அடி என்று கருவியிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. மணி ஒலித்ததும் திரும்பி வந்து, பிழை ஏதும் உண்டா என்று பார்த்து, மேலே அறிவிக்கிறது. இவ்வேலைகளை இயக்கி பெரும்பாலும் இயக்குதளத்தின் உள்ளறையில், யாதொரு தடையுமற்ற அதிகாரத்தோடு செய்கிறது. சாதாரணச் செயலி ஒன்று தவறு செய்தால் அச்செயலி மட்டுமே நின்றுவிடும். இயக்கி தவறு செய்தால் கணினி முழுவதுமே நின்றுவிடக்கூடும்.

இனி, இலிகிதரைத் தவிர்த்துப் பதிவறைக்குள் நேரே செல்லும் தேவை யாருக்கு உண்டாகிறது? முதலாவதாக, பெரும் தரவுத்தளங்களை நடத்துவோருக்கு. இயக்குதளம் வேகத்தை விரும்பி, எழுதச் சொன்ன செய்தியை உடனே தட்டில் எழுதாமல் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருப்பதுண்டு. சுழலும் தட்டில் ஓரிடத்தைத் தேடிச் செல்ல ஏறத்தாழ ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் செல்கிறது. நினைவகத்துக்கு அதில் இலட்சத்திலொரு பங்குகூடத் தேவையில்லை. ஆகவே இத்தாமதம் சிக்கனமானதே. ஆயினும் இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், எழுதியாயிற்று என்று சொல்லப்பட்ட கணக்கு எங்கும் எழுதப்படாமலே போகலாம். வங்கிக் கணக்கில் அது பொறுக்கத்தக்கதன்று. மேலும், தரவுத்தளங்கள் தமக்கென ஒரு நினைவகக் களஞ்சியத்தைத் தாமே வைத்திருப்பதால், இயக்குதளமும் அதே செய்தியை மற்றொரு முறை வைத்திருத்தல் வீண். இக்காரணங்களால் லினக்ஸ் முதலான இயக்குதளங்கள், இடைக்களஞ்சியத்தைத் தாண்டித் தட்டோடு நேரே கொடுக்கல் வாங்கல் செய்ய ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன.

இரண்டாவதாக, அழிந்துபோனதை மீட்போருக்கு. ஒரு கோப்பை அழிக்கும்போது, பெரும்பாலான கோப்பு முறைமைகள் சுட்டிப் புத்தகத்தில் அதன் பெயருக்கு எதிரே கோடு போடுகின்றனவேயன்றி, இறாக்கையிலுள்ள ஏட்டை உடனே கிழிப்பதில்லை. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கிறது. சுட்டிப் புத்தகமே பழுதாகிவிட்டாலும் ஏடுகள் இருக்கும். அவை எங்கே உள்ளன என்பதை இலிகிதரால் சொல்ல இயலாது, அவ்வளவே. அப்போது இலிகிதரைக் கேட்பதிற் பயனில்லை. முதற் கட்டம் தொடங்கி இறுதிக் கட்டம் வரை ஒவ்வொன்றாக நேரே படித்து, இது படத்தின் தொடக்கம், இது கடிதத்தின் தொடக்கம் என்று அடையாளங்கண்டு ஒன்றுசேர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, தட்டு முழுவதையும் மறைமொழியாக்கிக் காப்போருக்கும், முழுத் தட்டையும் அச்சொட்டாகப் பிரதியெடுப்போருக்கும் இவ்வழி இன்றியமையாதது.

யுனிக்ஸ் மரபில் வந்த இயக்குதளங்கள் இதற்கு எளியதோர் உபாயம் கண்டன. தட்டு முழுவதையுமே ஒரு பெருங்கோப்பாகப் பாவித்து, அதற்கும் ஒரு பெயர் சூட்டி வைத்தன. தலைமை அதிகாரம் உடையவர் அப்பெயரைத் திறந்தால் முழுத் தட்டையும் கட்டம் கட்டமாகப் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். ஏனையோருக்கு அக்கதவு அடைக்கப்பட்டிருக்கும்.

எழுதலாம் என்பதிலேதான் ஆபத்து தங்கியிருக்கிறது. காணிப் பதிவகத்தின் உவமைக்கே மீண்டும் வருக. இலிகிதர் சுட்டிப் புத்தகத்தின் சில பக்கங்களைத் தம் மேசைமேல் பிரதி செய்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். அவர் அறியாமல் ஒருவர் பின்கதவால் நுழைந்து இறாக்கையில் தொகுதிகளை இடம் மாற்றிவிடுகிறார். இலிகிதருடைய புத்தகம் சொல்வது ஒன்று. இறாக்கையில் இருப்பது மற்றொன்று. மறுநாள் அவர் தம் குறிப்பின்படி புதிய உறுதியொன்றை எழுதி வைக்க, அது வேறொருவரது உறுதியின்மேல் விழுகிறது. கெடுநோக்கம் சிறிதும் இல்லாமலே இந்தக் குழப்பம் நேரலாம். கோப்பு முறைமை ஒரு தட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும்போது வேறொரு மென்பொருள் அதே தட்டில் நேரே எழுதினால் விளைவது இதுவே.

இதனை உணர்ந்து மைக்ரோசொப்ட் நிறுவனம், விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு, கோப்பு முறைமையின் பொறுப்பிலுள்ள கட்டங்களில் சாதாரணச் செயலிகள் நேரே எழுதுவதைத் தடைசெய்தது. 64 பிட் விண்டோஸில் உள்ளறைக்குள் செல்லும் ஒவ்வோர் இயக்கியும் முறைப்படி கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது. கையொப்பம் என்பது இங்கு ஒரு மறைமொழி முத்திரை. இவ்வியக்கியை ஆக்கியவர் இன்னார், ஆக்கியபின் இதில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும் நேர்மையான தேவை உடையோர் இருந்தனர் அல்லவா? அவர்களுக்காகச் சில நிறுவனங்கள் முறையாகக் கையொப்பமிட்ட இயக்கிகளை ஆக்கி விற்றன. எல்டோஸ் என்னும் நிறுவனத்தின் ரோ டிஸ்க் அவற்றுள் ஒன்று. இயக்குதளத்தின் தடையைத் தாண்டிச் செயலி ஒன்று தட்டை நேரே படிக்கவும் எழுதவும் அது வழிசெய்தது.

2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி, சவூதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமாகிய அராம்கோவின் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. ஷமூன் எனப் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று அங்கே புகுந்து, ஏறக்குறைய 30,000 கணினிகளின் தட்டுகளில் மேலெழுதி அவற்றைப் பயனற்றனவாக்கியது. எரியும் கொடியொன்றின் படத்துண்டு பழைய செய்திகளின்மேல் எழுதப்பட்டது. தட்டின் தலைப்பகுதியில் உள்ள தொடக்கக் குறிப்பும் அழிக்கப்பட்டமையால் கணினிகள் மீண்டும் விழித்தெழவில்லை. ஆராய்ந்தோர் கண்டது யாதெனில், தட்டில் நேரே எழுத அத்தீநிரல் பயன்படுத்தியது ரோ டிஸ்க் இயக்கியையே. கள்ளச்சாவி எதையும் அது செய்துகொள்ளவில்லை. கடையில் விற்கப்பட்ட, கையொப்பம் பிசகாத, நற்பணிக்காக ஆக்கப்பட்ட திறவுகோலையே எடுத்துவந்தது. இயக்கியை ஆக்கியோர் அச்செயலில் பங்குடையவர் அல்லர். இயக்குதளமும் தன் விதிப்படியே நடந்தது. கையொப்பம் சரியென்று கண்டது, கதவைத் திறந்தது. கையொப்பம் ஆக்கியவர் யார் என்பதைச் சொல்லுமேயன்றி, அதனைக் கையிற் கொண்டு நிற்பவர் யார் என்பதைச் சொல்லாது.

2016 ஆம் ஆண்டில் அதே தீநிரல் மீண்டும் தோன்றியபோது, ஒரு விநோதம் வெளிப்பட்டது. அவ்வியக்கிக்குரிய தற்காலிக அனுமதியின் காலம் 2012 ஓகஸ்டோடு முடிவடைந்திருந்தது. ஆகவே தீநிரல் முதலில் கணினியின் நாட்காட்டியை 2012 ஓகஸ்டுக்குப் பின்னோக்கித் திருப்பிவிட்டு, அதன்பின் இயக்கியை அழைத்தது. காவலனை ஏமாற்றச் சுவர்க்கடிகாரத்தை மாற்றிய கதை இது. 2022 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி, உக்ரேன்மீது ரஷ்யப் படையெடுப்பு நிகழ்ந்ததற்கு முந்திய நாள், அந்நாட்டின் கணினிகளைத் தாக்கிய மற்றொரு தீநிரலும் தட்டைப் பகுக்கும் வணிக மென்பொருள் ஒன்றின் நேர்மையான இயக்கியையே கருவியாகக் கொண்டது. இத்தகைய நிகழ்ச்சிகளின் பின், தவறாகப் பயன்படத்தக்க இயக்கிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, கையொப்பம் சரியாக இருந்தாலும் அவற்றை உள்ளே விடாத ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் வலுப்படுத்தியது. விண்டோஸ் 11 இன் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வேற்பாடு இயல்பாகவே இயங்குமாறு அமைக்கப்பட்டது.

இங்கே மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. நேரடி அணுகல் என்னும்போது, இயக்கி உண்மையிலேயே பொருள் உள்ள இடத்தைத் தொடுகிறதா? சுழலும் தட்டுகளில் ஏறக்குறைய ஆம் எனலாம். ஆனால் இன்று பரவியுள்ள மின்நினைவுச் சேமிப்புகளில், அதாவது யூ.எஸ்.பி. குச்சியிலும் சுழலாத் தட்டிலும் கைத்தொலைபேசியிலும், நிலை வேறு. ஓலையில் கீறிய எழுத்தை அழித்து அவ்விடத்திலேயே புதிதாகக் கீற இயலாதல்லவா? மின்நினைவும் அத்தகையதே. எழுதிய பக்கத்தின்மேல் மீண்டும் எழுத முடியாது. புதியதொரு பக்கத்தில் எழுதிப் பழையதைக் கழித்துவிட்டு, கழிந்த பக்கங்கள் பல சேர்ந்தபின் அவற்றை ஒருசேரத் துடைத்தல் வேண்டும். ஒவ்வொரு துடைப்பும் கருவியைச் சிறிது தேய்க்கிறது. ஆகவே தேய்வு எங்கும் சமமாகப் பரவுமாறு, கருவிக்குள்ளேயே இருக்கும் சிறு கணினியொன்று கட்டங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து 2,000 ஆவது கட்டம் என்று கேட்டால், அது இன்று இருக்கும் இடம் நேற்று இருந்த இடமன்று. பதிவறையின் கதவைத் திறந்து உள்ளே சென்றவருக்கு, அங்கே இன்னோர் இலிகிதர் அமர்ந்திருப்பதே தென்படுகிறது.

இதனால் விளையும் பலன் சாதாரண மக்களையும் சாரும். சுழலாத் தட்டுகளில் ஒரு கோப்பை அழித்தவுடன், அக்கட்டங்கள் இனித் தேவையில்லை என்று இயக்குதளம் கருவிக்கு அறிவித்துவிடுவது வழக்கம். கருவி தனக்கு ஓய்வான வேளையில் அவற்றைத் துடைத்துவிடும். பழைய வன்தட்டில் அழித்ததைச் சில நாள் சென்றும் மீட்க முடிந்தது. புதிய கருவிகளில் சிறிது நேரத்துக்குள்ளேயே மீட்க முடியாமற் போகலாம். எத்தனை வல்லமையுள்ள இயக்கியாயினும், துடைக்கப்பட்ட ஏட்டிலிருந்து எழுத்தைக் கொண்டுவர இயலாது.

ஆகவே மீட்புக் கலையில் தேர்ந்தோர் பழுதுற்ற தட்டைக் கண்டவுடன் அதனைச் செப்பனிடத் தொடங்குவதில்லை. முதலில் எழுதும் வழியை அடைத்துவிடுகின்றனர். படிக்க மட்டும் விடும் தனிக்கருவிகளும் இதற்கென உண்டு. பின்னர் தட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் நேரே படித்து வேறொரு நல்ல தட்டில் அச்சொட்டாகப் பிரதி செய்கின்றனர். எளிதிற் படிக்கத்தக்க கட்டங்களை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க மறுக்கும் கட்டங்களுக்குப் பின்னரே திரும்பி வருகின்றனர். நோயுற்ற தட்டு எந்நேரமும் நின்றுவிடலாமாதலின், கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்வதே விவேகம். ஆராய்ச்சி முழுவதும் பிரதியின்மேல் நடைபெறும்; மூலத்தைத் தொடுவதில்லை. பிரதி மூலத்தோடு ஒக்கிறதா என்பதைச் சரிபார்ப்பு எண் ஒன்றினால் அறிகின்றனர். கோடிக்கணக்கான எழுத்துகளையும் ஒரு கணக்குக்கு உட்படுத்திச் சிறியதோர் எண்ணைப் பெறுகின்றனர். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பிக்குகள் ஒருங்குகூடி ஒரே குரலில் ஓதியபோது, ஒருவர் பிழைத்தால் மற்றவர் செவி அதனைக் கண்டுகொண்டது. சங்கமாகக் கூடி ஓதியதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

ஏட்டில் எழுதியதனால் மட்டும் நூல் காக்கப்பட்டுவிடுமா என்பதற்கு அலுவிகாரையின் பிற்கால வரலாறே விடை தருகிறது. 1848 ஆம் ஆண்டு, புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கில ஆட்சி கடுமையாக அடக்கியது. அக்கலக்கத்தில் அலுவிகாரையில் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட நூலகம் அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் பிரதிகள் இலங்கையின் ஏனைய விகாரைகளிலும், பர்மாவிலும், சீயத்திலும் இருந்தன. ஓர் ஏட்டறை எரிந்தது, நூல் வாழ்ந்தது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவை திரும்பி வரவேயில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் ஆக்கிப் பலரும் எடுக்கத்தக்கதாக வைக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005 ஆம் ஆண்டு தொடங்கியமைக்கு அவ்விழப்பு ஒரு பின்னணி எனலாம்.

இன்று வீட்டுக்கு வீடு ஒரு சிற்றேட்டறை உண்டு. திருமணப் படங்களும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும், வெளிநாட்டிலிருக்கும் மகனது குரலும், இறந்துபோன தாயின் குரலும் விரலளவான ஒரு குச்சியில் அடங்கிக் கிடக்கின்றன. அது ஒருநாள் திறக்க மறுத்து, “இதனை வடிவமைக்கட்டுமா?” என்று கணினி கேட்குமாயின், ஆம் என்று அழுத்துதல் ஆகாது. சுட்டிப் புத்தகத்தை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்கட்டுமா என்பதே அக்கேள்வியின் பொருள். அதில் யாதொன்றையும் எழுதாமல் உடனே அகற்றி வைத்தல் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெயரறியா மீட்பு மென்பொருளை, தலைமை அதிகாரம் கொடுத்து இயக்குவதும் நன்றன்று. தட்டை நேரே தொடும் திறவுகோலை முன்பின் அறியாதவர் கையிற் கொடுப்பதற்கு அது ஒப்பாகும். அறிந்தவரிடம் கொடுத்து, முதலில் அச்சொட்டான பிரதியெடுக்கச் சொல்வதே முறை.

இவை யாவும் நோய் வந்தபின் செய்யும் மருத்துவமே. நோய் வருமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விலைமதிப்பற்ற கோப்புகளுக்குக் குறைந்தது இரண்டு பிரதிகள் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறொரு கூரையின்கீழ் இருத்தல் வேண்டும். அதுவும் எந்நேரமும் கணினியோடு இணைந்திராமல் தனித்திருத்தல் வேண்டும். இணைந்தே இருக்கும் பிரதியை, மூலத்தை அழிக்கும் கையே அழித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பிரதியைத் திறந்து, உள்ளிருப்பன திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். கட்டிவைத்த ஏட்டையும் முன்னோர் அவ்வப்போது அவிழ்த்துத் தூசு தட்டி, எண்ணெய் பூசி, சிதையத் தொடங்கியதைப் புதிய ஓலையில் எழுதி வைத்தனர். பொருள் மாறியிருக்கிறது, அந்தக் கடமை மாறவில்லை.